காலி ரோட்டில் 140: ஓட்ட முடிகிறது, பார்க்க முடிகிறதா?

கேள்வி கேட்ட தம்பிக்குப் பெட்டாலிங் ஜெயாவில் வேலை, புக்கிட் மெர்தாஜாமில் வீடு. வெள்ளிக்கிழமை வேலை முடித்து, சாப்பிட்டு, இரவு பதினொரு மணிவாக்கில் கிளம்பி மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 130, 140 கிலோமீட்டரில் போகிறாராம். ரோடு காலி, வண்டி ஒரே சீராக ஓடுகிறது. பகலில் அதே ரோட்டில் 110-ல் போனாலே பதற்றமாக இருக்கிறது என்கிறார். அப்பாவோ, "ராத்திரியில் ஓட்டாதே, சனிக்கிழமை காலையில் வா" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். இரண்டில் எது உண்மையில் ஆபத்து, இரவில் ஓட்டப் போட்டுக்கொள்ளச் சொல்லி நண்பர் சிபாரிசு செய்த மஞ்சள் மூக்குக்கண்ணாடி உதவுமா என்பது கேள்வி. மேலே பார்த்தால் இரவா பகலா என்பதுபோலத்தான் தெரிகிறது. ஆனால் அவர் உள்ளுக்குள் கேட்பது, "எனக்கு இரவில் எளிதாக இருக்கிறதே, எளிதாக இருந்தால் பத்திரமாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?" என்பதைத்தான். நான் அதற்கே பதில் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. கோலாலம்பூர்–பட்டர்வொர்த் தடத்தில் விரைவுப் பேருந்து ஓட்டியவன். பிறகு பல வருடங்களாகக் கிள்ளான் பக்கம் லோரி, பேருந்து ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். கண் மருத்துவன் இல்லை, ஆய்வாளனும் இல்லை. கண்ணைப் பற்றி இங்கே எழுதுவதெல்லாம் பயிற்சிக்காகப் படித்தது, பயிற்சி யார்டில் சோதித்துப் பார்த்தது. பதிலைச் சுருக்கமாகச் சொன்னால், ஒரே வேகத்தில் ஒரே ரோட்டில் போனால் இரவுதான் அதிக ஆபத்து. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அப்பாவும் காப்பிக் கடையில் நாலு பேரும் நினைப்பதுபோல இரவு என்றாலே கெட்டது என்பது பாதிதான் சரி.

முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். இரவில் வண்டிகள் குறைவு, குறுக்கே வெட்டி நுழைபவர்கள் குறைவு. நம் ஊர் மத்தியான வெயிலில் தார் கொதிக்கும், இரவில் அது ஆறிவிடும், டயருக்குச் சூடு ஏறுவது குறையும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால் என்ஜினும் கொஞ்சம் உற்சாகமாக இழுக்கும். இது கற்பனை இல்லை, டர்போ வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கம்போங் (கிராமத்து) ரோட்டு வளைவில் எதிரே வண்டி வருவதை இரவில் அதன் வெளிச்சமே முன்கூட்டிச் சொல்லிவிடும், பகலில் அந்த வசதி இல்லை. பகலுக்கென்று ஒரு கண்கூச்சமும் உண்டு. சாயங்காலம் ஆறரை மணிக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளான் பக்கம் போய்ப் பாருங்கள், சூரியன் நேராக முகத்தில் அடிக்கும், முன்னால் போகிறவனின் பிரேக் லைட் எரிகிறதா இல்லையா என்றே தெரியாது. ஆக, "இரவு என்றாலே கெட்டது" என்று நான் சொல்ல வரவில்லை.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. வண்டி ஓட்டும்போது கண் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று வழிகாட்டுவது, அதாவது வண்டியைக் கோடுகளுக்கு நடுவில் வைத்துக்கொள்வதும் வளைவுக்குத் தகுந்தபடி திருப்புவதும். இதற்கு ஓரப்பார்வையும் மங்கலான வெளிச்சமும் போதும். இன்னொன்று, முன்னால் கிடப்பது என்ன என்று அடையாளம் காண்பது. அதற்கு விழித்திரையின் நடுப்பகுதி வேண்டும், அந்த நடுப்பகுதிக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். இருட்டினால் முதல் வேலை பெரும்பாலும் குறையாமல் நடக்கிறது, இரண்டாவதுதான் படுத்துவிடுகிறது. லீபோவிட்ஸ், ஓவன்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1977-லேயே இதை எழுதிவிட்டார்கள். வண்டியைத் திருப்புவதில் ஒரு குறையும் தெரியாததால், தன் பார்வை குறைந்துவிட்டது என்பதே ஓட்டுநருக்குத் தெரியாமல் போகிறது என்பது அவர்கள் கருத்து. இவ்வளவு வருடம் பயிற்சி கொடுத்ததில் இதைவிடப் பயனுள்ள ஒரு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்கு இரவில் எளிதாக இருப்பது நிஜம்தான். ஆனால் அந்த எளிமை முதல் வேலையைப் பற்றிய தகவல். இரண்டாவது வேலை எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு யாரும் தகவல் சொல்வதில்லை, ஏதாவது ஒன்று குறுக்கே வந்து நிற்கும்வரை.

இனி லைட்டுக்கு வருவோம். லோ பீம் என்பது எதிரே வருபவரின் கண்ணைக் கூசாமல் இருக்கக் கீழ்நோக்கிச் சாய்த்து வைக்கப்பட்ட ஒளி. சாதாரண காரில் அந்தச் சாய்வு ஏறக்குறைய 1 சதவீதம், அதாவது 10 மீட்டர் தூரத்துக்கு 10 சென்டிமீட்டர் இறங்கும். விளக்கு தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றால், வெளிச்சத்தின் மேல் விளிம்பு 65 மீட்டரில் தரையைத் தொட்டுவிடும். அதற்கு அப்பால் இருப்பது சிதறின வெளிச்சம்தான். பளபளக்கும் பலகையும் ரோட்டில் பதித்த பூனைக்கண்ணும் இன்னும் தூரத்தில் தெரியும், ஏனென்றால் அவை வெளிச்சத்தை அப்படியே உங்களிடம் திருப்பி அனுப்புகின்றன. கறுப்புச் சட்டை போட்ட மனிதன் திருப்பி அனுப்பமாட்டான். இதில் பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. நாம் இடப்பக்கம் ஓட்டுகிற நாடு. அதனால் லோ பீம் இடது ஓரத்தில் கொஞ்சம் மேலே ஏறி நீளமாக அடிக்கும், வலது பக்கம் குட்டையாக இருக்கும். நீங்கள் 140-ல் போவது வலது கோடிப் பாதையில், நடுத்தடுப்பை ஒட்டி. அந்தத் தடுப்புப் பக்கமிருந்து ஒருவர் இறங்கி வந்தால், விளக்கு பலவீனமாக இருக்கிற பக்கத்திலிருந்து வருகிறார் என்று அர்த்தம்.

இப்போது கணக்கு. வறண்ட ரோடு, நல்ல டயர், உராய்வு எண் (டயர் ரோட்டைப் பிடிக்கும் அளவு) 0.7, ஓட்டுநர் பார்த்துக் காலை வைக்க ஒன்றரை வினாடி என்று வைத்துக்கொள்கிறேன். மணிக்கு 110 என்றால் வினாடிக்கு 30 மீட்டருக்குச் சற்று மேல். நிற்க ஏறக்குறைய 114 மீட்டர் வேண்டும். 140-ல் வினாடிக்கு 39 மீட்டர், நிற்க 168 மீட்டர். 65 மீட்டருக்குள் நிற்க வேண்டுமென்றால் வேகம் 75-ஐ ஒட்டித்தான் இருக்க முடியும். அதாவது இருட்டான நெடுஞ்சாலையில் லோ பீம் போட்டு 110-ல் போகிற ஒவ்வொருவரும், சட்டப்படி சரியாகப் போனாலும், தன் விளக்குக்கு அப்பால் ஓடிக்கொண்டிருக்கிறார். நானும் அதில் சேர்த்திதான், பேருந்து ஓட்டிய காலத்தில் எல்லாரும் அப்படித்தான் ஓட்டினோம். பெரும்பாலான இரவுகளில் ஒன்றும் நடப்பதில்லை, ஏனென்றால் ரோட்டில் ஒன்றும் கிடப்பதில்லை. அந்த ஒன்றரை வினாடியும் தாராளமான மதிப்பு இல்லை. சாலை வடிவமைக்கும் பொறியாளர்கள் 2.5 வினாடி என்று எடுத்துக்கொள்கிற வழக்கம் உண்டு. எதிர்பாராத, மங்கலான ஒரு பொருளை இரவில் பார்க்கும்போது அதுதான் உண்மைக்கு நெருக்கம்.

ஹை பீம் போட்டால் நிலைமை நிறைய மாறும். நல்ல ஹை பீம் 120 மீட்டருக்கு மேலும் அடிக்கும், 120 மீட்டர் பார்வைக்கு மேற்சொன்ன கணக்கில் 114 வரை தாங்கும். நல்ல விளக்கோடு 110 சமாளிக்கக்கூடிய வேகம், 140 அப்படி இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். ஆனால் நம் ஆட்கள் ஹை பீமை முன்னால் போகிறவனை மிரட்டி ஒதுக்குவதற்கு மட்டும் வைத்திருக்கிறார்கள். முன்னால் யாரும் இல்லாத, எதிர்ப்பக்கம் தடுப்பு மறைக்கிற இடத்தில் போடமாட்டார்கள், முன்னால் ஒரு சின்னக் கான்சில் கார் போனால் போடுவார்கள். நேர்மாறாகச் செய்யுங்கள். புது வண்டிகளில் தானாக மாறும் ஹை பீம் வந்துவிட்டது, இருந்தால் அணைத்து வைக்காதீர்கள்.

யார்டில் நாங்கள் செய்கிற சோதனை ஒன்று உண்டு. ஒரு சாதாரண காரை லோ பீமில் நிறுத்தி, பயிற்சிக்கு வந்த ஓட்டுநரை உட்கார வைப்போம். தூரத்திலிருந்து கருநீலச் சீருடை போட்ட ஒருவர் விளக்கை நோக்கி நடந்து வருவார். "அது ஆள்தான் என்று நிச்சயமானதும் ஹாரன் அடியுங்கள்." அதற்கு முன், எத்தனை மீட்டரில் தெரியும் என்று கேட்டுத் தாளில் எழுதி வாங்கிக்கொள்வோம். நூறு என்றோ நூற்றைம்பது என்றோதான் எழுதுவார்கள். ஹாரன் அடித்த இடத்தில் டேப் பிடித்தால் ஐம்பது, அறுபது மீட்டர் வரும். இத்தனைக்கும் ஆள் வரப்போகிறார் என்று தெரிந்து, நின்ற வண்டியில், கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு அதே ஆள் இரண்டு கணுக்காலிலும் ஒளி பிரதிபலிக்கும் பட்டை கட்டிக்கொண்டு வருவார். இப்போது யார்டின் மறுகோடியிலேயே ஹாரன் கேட்கும். கால் ஆடுவதைப் பார்த்ததும் மூளை "மனிதன்" என்று சொல்லிவிடுகிறது, மார்பில் போடுகிற மேலங்கியைவிடக் கணுக்கால் பட்டைக்கு இதில் வலு அதிகம். கடைசியாக ஓட்டுநரையே நடக்க வைப்போம். காரில் இருப்பவர் தன்னைப் பார்த்துவிட்டார் என்று தோன்றும்போது கையைத் தூக்க வேண்டும். எல்லாரும் மிகச் சீக்கிரமே தூக்கிவிடுவார்கள். விளக்கு தன் கண்ணில் படுகிறது என்பதால், அவருக்கும் தான் தெரிகிறோம் என்று நினைப்பு. ரோடு தாண்டுகிற ஆளும் அப்படி நினைத்துத்தான் தாண்டுகிறார். தைப்பூசத்துக்கு முன் பத்துமலைக்கு இரவில் நடந்து போகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது அந்தக் கணுக்கால் பட்டை ஒன்றைத்தான்.

"நெடுஞ்சாலையில் யார் நடக்கப் போகிறார்கள்?" என்று கேட்பீர்கள். ஆள் மட்டுமா? நம் நாட்டில் ஆண்டுக்கு 6,000-க்கும் மேற்பட்டோர் சாலையில் சாகிறார்கள், அவர்களில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். பகலிலும் மோட்டார் சைக்கிள் முன்விளக்கு எரிய வேண்டும் என்று 1992-ல் விதி கொண்டுவந்ததே அவர்கள் கண்ணில் படவேண்டும் என்பதற்குத்தான். பின்விளக்கு எரியாத ஒரு கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்), இரவில், 70-ல் உங்கள் பாதையில் போகிறது என்று வையுங்கள். அல்லது லோரியிலிருந்து உரிந்து விழுந்த டயர் தோல், கறுப்புத் தாரில் கறுப்பு ரப்பர். பழுதாகி அவசரப் பாதையில் பாதியும் இடது கோடியில் பாதியுமாக நிற்கிற லோரி. காட்டோரப் பகுதிகளில் தாப்பிர் என்ற பெரிய காட்டு விலங்கு, அது இரவில்தான் உலாத்தும், முன்பாதி கறுப்பு. பகலில் இவை எல்லாவற்றையும் அரைக் கிலோமீட்டருக்கு முன்னாலேயே பார்த்துக் கோடு மாறிவிடுவீர்கள். மாறியதுகூட நினைவில் இருக்காது. பகலில் உங்களுக்கு இருக்கும் பதற்றம் நீங்கள் நிறையப் பார்க்கிறீர்கள் என்பதன் விளைவு.

லோரி விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேகமாகப் போகிறவர்கள் இரவில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அதன் பின்பக்கத்தில்தான். ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கப்பாதைப் பக்கம் ஏற்றம் வரும், வளைவும் வரும், வேக வரம்பையே அங்கே குறைத்து வைத்திருக்கிறார்கள். சுமை ஏற்றிய லோரி அங்கே 40-ல் ஊர்ந்துகொண்டிருக்கும். நீங்கள் 140. இடைவெளி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சுருங்குகிறது, வினாடிக்கு 28 மீட்டர். பகலில் லோரி முழுதாகத் தெரியும், பக்கத்து மரம், தடுப்பு, ரோட்டுக் கோடு எல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைக்கும். இரவில் உங்களுக்கு இரண்டு சிவப்புப் புள்ளிதான். அந்தப் புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி விரிவதை வைத்துத்தான் மூளை "இதை நெருங்குகிறோம்" என்று கண்டுபிடிக்க வேண்டும், அந்த விரிவை உணரக் கண்ணுக்கு ஒரு கீழ் எல்லை உண்டு. வழக்கமாகச் சொல்லப்படும் எல்லையை வைத்துக் கணக்குப் போட்டால், இரண்டு மீட்டர் இடைவெளியில் உள்ள லோரி விளக்குகளை, இந்த வேக வித்தியாசத்தில், ஏறக்குறைய 135 மீட்டருக்குள் வந்த பிறகுதான் வேகமாக நெருங்குவது உறைக்கும். அதுவரை அது உங்களைப் போலவே ஓடிக்கொண்டிருக்கிற ஒரு வண்டி. அதன் பிறகு இருப்பது ஐந்து வினாடிக்கும் குறைவு. தூசி படிந்து ஒரு விளக்கு அணைந்திருந்தால் அந்த இரண்டாவது புள்ளியும் இல்லை, விரிவதற்கே ஒன்றுமில்லை. சமதளத்தில் பிரச்சினை குறைவு, ஆனால் லோரிகளுக்கு அங்கும் வேக வரம்பு நம்மைவிடக் குறைவுதான்.

மழையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நனைந்த ரோடு கண்ணாடி மாதிரி உங்கள் வெளிச்சத்தை முன்னால் தள்ளிவிடும், உங்களிடம் திரும்பி வராது. எதிரே வருபவருடையது மட்டும் உங்கள் கண்ணுக்கு வரும், கோடுகள் காணாமல் போகும். நான் மேலே சொன்ன வழிகாட்டும் பார்வையும் அப்போது போய்விடுவதால் எல்லாரும் தாமாகவே வேகத்தைக் குறைப்பார்கள். அந்த வகையில் இரவு மழையில் ஓட்டுநருக்கு எச்சரிக்கை கிடைத்துவிடுகிறது, தெளிந்த இரவில் அது கிடைப்பதில்லை.

தூக்கம் அப்படி விட்டுவிடக்கூடியது இல்லை. உங்கள் கேள்வியில் எனக்கு 140-ஐவிடக் கவலை தந்தது "வெள்ளிக்கிழமை பதினொரு மணி". காலையில் ஆறு மணிக்கு எழுந்திருந்தால், கிளம்பும்போதே விழித்து 17 மணி நேரம் ஆகிவிட்டது. 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 50 மில்லி கிராம் மது இருப்பவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997-ல் ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு ஒன்று காட்டியது. அந்த 50 மில்லி கிராம்தான் 2020 அக்டோபரிலிருந்து நம் நாட்டில் மது அருந்தி ஓட்டுவதற்கான சட்ட வரம்பு, அதற்கு முன் 80 இருந்தது. அப்புறம் மூன்று மணி நேரம் ஓட்டி, உடம்புக்கே தூக்கம் மிகுந்த பின்னிரவு இரண்டு மணியைத் தொடுகிறீர்கள். மத்தியானம் இரண்டு, மூன்று மணிக்கும் ஒரு சிறிய மயக்கம் வரும், ஆனால் அது இந்த அளவுக்கு ஆழமில்லை. நான்கு வினாடிக் கண்ணயர்வு 140-ல் 155 மீட்டர். பிரேக் தடமே இல்லாத விபத்து என்று கேள்விப்பட்டால் நான் முதலில் நினைப்பது இதைத்தான். ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது, புளிப்பு மிட்டாய் எல்லாம் சில நிமிடங்களுக்குத்தான். வேலை செய்வது தூக்கம் ஒன்றுதான். தாப்பாவிலோ சுங்கை பேராக்கிலோ ஆர் அண்ட் ஆர் ஓய்விடத்தில் நிறுத்தி, ஒரு கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) குடித்துவிட்டு உடனே சீட்டைச் சாய்த்து இருபது நிமிடம் படுங்கள். கோப்பி வேலை செய்ய அரை மணி நேரம் எடுக்கும், நீங்கள் எழும்போது அதுவும் சேர்ந்துகொள்ளும். அது பேருந்துக்காரர்களின் பழைய வழி.

இனி எது எவ்வளவு உறுதி என்று பிரித்துச் சொல்கிறேன். வெளிச்ச தூரமும் நிற்கும் தூரமும் பௌதிகம், வாதிட இடமில்லை, டயரும் ரோடும் மாறினால் எண் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். புள்ளிவிவரத்தில்தான் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் மொத்தப் பயணத்தில் கால்வாசிதான் இரவில், சாவுகளில் ஏறக்குறைய பாதி இரவில் என்று அடிக்கடி சொல்வார்கள். அது சரிதான், ஆனால் குடித்தவர்கள், தூக்கத்தில் இருப்பவர்கள், இளம் வயசுக்காரர்கள் எல்லாரும் இரவில் அதிகம் என்பதால், அது இருட்டின் குற்றம் மட்டுமில்லை. இருட்டை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்தது மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கெட்டிக்காரத்தனம். அங்கே வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் நகர்த்துவார்கள். அதே ரோடு, அதே மணி, அதே ஆட்கள், ஆனால் ஒரு வாரத்தில் வெளிச்சம் இருட்டாகிவிடும். அந்த மாற்றத்தை ஒட்டிய நாட்களை எடுத்துப் பார்த்ததில், நடந்து போகிறவர் அடிபட்டுச் சாகும் ஆபத்து இருட்டில் மூன்று முதல் ஏழு மடங்கு வரை கூடியது. ஆனால் வண்டி தானாக ரோட்டை விட்டு விலகிப் போகும் விபத்துகளில் இருட்டால் பெரிய மாற்றம் இல்லை. திருப்புவது கெடுவதில்லை, பார்ப்பதுதான் கெடுகிறது என்ற 1977 கருத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஏழு மணிக்குமேல் வருடம் முழுக்க ஒரேமாதிரி இருட்டுகிற நம் ஊரில் அந்தச் சோதனையைச் செய்ய வழியே இல்லை, எண்களும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன்.

இருட்டில் வேகம் குறைவாகத் தோன்றுமா என்பது அவ்வளவு உறுதியான விஷயம் இல்லை. பக்கத்தில் ஓடும் மரமும் கட்டடமும் தெரியாததால் 140 என்பது 110 மாதிரி இருக்கிறது என்று எங்கள் ஓட்டுநர்கள் எல்லாரும் சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான். ஆனால் ஆய்வகத்தில் பார்த்தவர்கள் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகவில்லை. அதனால் அதை ஒரு அனுபவமாக வைத்துக்கொள்ளுங்கள், வேகம் காட்டும் முள்ளைப் பார்த்து ஓட்டுங்கள்.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் பகலில் 140 போகலாம்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். வரம்பு பகலிலும் 110, கேமரா இரண்டு நேரமும் விழித்திருக்கும், சம்மன் வீட்டுக்கு வரும். அதைவிட முக்கியம் இது. 110-ல் வருகிற கார் நின்றுவிடுகிற அதே இடத்தில், 140-ல் வந்த கார் ஏறக்குறைய 98-ல் ஓடிக்கொண்டிருக்கும். இந்த வித்தியாசத்துக்குப் பகல் இரவு தெரியாது. பகல் செய்வதெல்லாம் உங்களுக்குக் கூடுதலாகச் சில நூறு மீட்டர் முன்னறிவிப்புக் கொடுப்பதுதான். நெரிசலில் அதையும் முன்னால் போகிற வண்டி மறைத்துவிடும்.

அப்பாவுக்கு என்ன சொல்வது? ஏறக்குறைய 350 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் 140-லேயே போவதாக வைத்தாலும் 110-ஐவிட நாற்பது நிமிடம்தான் மிச்சம், டோலும் மெனோரா ஏற்றமும் கழிந்தால் அதுவும் தேறாது. சனிக்கிழமை காலை ஏழரைக்கு, விடிந்ததும் ஜாலான் டூத்தா டோலைத் தாண்டினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பீர்கள். வெள்ளியன்றே போயாக வேண்டிய வாரம் வந்தால் வேலை முடிந்து ஒரு மணி நேரம் தூங்கிவிட்டு, 100-ஐ ஒட்டி, இடது கோடியில், ஆளில்லாத இடத்தில் ஹை பீமோடு போங்கள். வலது கோடி முந்துவதற்கு மட்டும். இன்னொன்று, அப்பாவை இரவில் ஓட்ட விடாதீர்கள். அறுபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் இருபது வயதில் போவதில் மூன்றில் ஒரு பங்குதான், எதிர் விளக்கு அடித்தபிறகு பார்வை திரும்ப எடுக்கும் நேரமும் கூடும். அவர் இரவைக் கண்டு பயப்படுவதில் பாதி, அவர் கண்ணில் அவரே பார்க்கிற நிஜம்.

மஞ்சள் மூக்குக்கண்ணாடி வாங்காதீர்கள். 2019-ல் அமெரிக்காவில் ஓட்டும் சிமுலேட்டரில் வைத்துப் பார்த்தார்கள். எதிர் விளக்கின் கூச்சம் இருக்கும்போதும் இல்லாதபோதும், நடந்து போகும் ஆளைக் கண்டுபிடிக்க அது உதவவில்லை. போட்டால் இதமாக இருக்கிறது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை, ஆனால் எந்த நிறக் கண்ணாடியும் வெளிச்சத்தைக் குறைக்கத்தான் செய்யும், கூட்டாது. அந்தப் பணத்தில் மூன்று காரியம் செய்யலாம். பழைய கார் என்றால் விளக்கின் பிளாஸ்டிக் மூடி நம் வெயிலில் மஞ்சளடித்து மங்கியிருக்கும், அதைத் தேய்த்து மெருகேற்றச் சொல்லுங்கள். முன்கண்ணாடியை உள்பக்கமும் துடையுங்கள், அங்கே படிகிற மெல்லிய எண்ணெய்ப் படலம்தான் எதிர் விளக்கை நட்சத்திரமாகச் சிதறடிக்கிறது. முந்தைய உரிமையாளர் ஒட்டிய டின்ட் எவ்வளவு இருட்டு என்று அளந்து பாருங்கள். முன்கண்ணாடியில் 70 சதவீத வெளிச்சமும், முன் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் உள்ளே வரவேண்டும் என்பது ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) விதி, பின்னால் மட்டும் 2019-லிருந்து எவ்வளவு இருட்டாகவும் ஒட்டலாம். கடையில் ஹாலோஜன் விளக்குக் கூட்டில் எல்இடி பல்பு மாட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது எதிரே வருபவருக்கு வெளிச்சம், உங்களுக்கு அருகே மட்டும் வெள்ளையாக இருக்கும். ஸ்டியரிங் பக்கத்தில் முன்விளக்கின் வெளிச்சத்தைக் கீழே இறக்க 0, 1, 2, 3 என்று ஒரு சின்னத் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். அம்மா கொடுத்தனுப்பும் அரிசியும் தேங்காயும் பின்னால் ஏறியதும் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும், திரும்பி வரும்போது அதை 1-க்கோ 2-க்கோ திருப்பி வையுங்கள்.